நார்த்தூள் பைகளில் தக்காளி: தண்ணீரும் உரமும்

தென்னை மட்டையிலிருந்து நாரைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் தூளை மில்காரர்கள் 'பித்' என்பார்கள். மட்டையின் எடையில் ஏறத்தாழ 70 விழுக்காடு இந்தத் தூள்தான். ஒரு காலத்தில் பொள்ளாச்சி, உடுமலை வட்டாரங்களில் மட்டை மில்களின் பின்புறம் இது கேட்பாரற்று மலைபோல் குவிந்து கிடந்தது. இன்று அதே தூள் கட்டிகளாக அழுத்தப்பட்டுக் கப்பலேறுகிறது. நெதர்லாந்து நாட்டுக் கண்ணாடிக் குடில்களில் இதில் தக்காளியும் குடமிளகாயும் விளைகின்றன. நம் பகுதியிலும் குழித்தட்டு நாற்றுக்கு இதைப் பயன்படுத்திப் பழகிய விவசாயிகள், நிழல்வலைக் குடிலில் பைகளில் நிரப்பித் தக்காளி வளர்க்க முன்வருகிறார்கள்.

நல்ல மண்ணும் நல்ல கிணறும் உள்ளவர்களுக்கு இது தேவையில்லை. நூற்புழுவும் வாடல் நோயும் புகுந்துவிட்ட நிலம், களர் நிலம், அல்லது வீட்டை ஒட்டிய ஐந்து சென்ட் பாறைக்காடு மட்டுமே உள்ளவர்கள் இதைப் பற்றி யோசிக்கலாம். ஆனால் பை, தூள், சொட்டுநீர்க் குழாய், வீரிய ஒட்டு நாற்று என்று கடன் வாங்கிச் செலவிட்டு, காய் பிடிக்கும் நேரத்தில் காய்கள் அடிப்புறம் கறுத்து விழுவதைப் பார்த்து, முதல் பட்டத்திலேயே கையைச் சுட்டுக்கொண்டவர்களும் உண்டு. இதற்குக் காரணம் பெரும்பாலும் விதையில் இல்லை. மண்ணுக்குத் தண்ணீரும் உரமும் விட்ட பழக்கத்திலேயே தூளுக்கும் விடுவதுதான்.

தூள் மண் அல்ல

மண் தண்ணீரையும் வைத்திருக்கும், சத்தையும் வைத்திருக்கும். நார்த்தூள் தன் எடையைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஆனால் பயிருக்குக் கொடுக்க அதனிடம் சொல்லத்தக்க சத்து எதுவும் இல்லை. இருப்பதெல்லாம் மட்டையிலேயே உள்ள சாம்பல் சத்தும் சோடியமும்தான். கடலோரத்தில் உப்பு நீரில் ஊறிய மட்டையாக இருந்தால் சோடியம் இன்னும் கூடுதல்.

இந்த உப்பு இரண்டு விதமாக இருக்கிறது. ஒரு பகுதி தூளின் ஈரத்தில் கரைந்து கிடக்கிறது. தண்ணீர் ஊற்றினால் வெளியேறிவிடும். இன்னொரு பகுதி தூளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எத்தனை முறை கழுவினாலும் இது முழுதும் போகாது. சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால்தான் சாம்பல் சத்தும் சோடியமும் இடத்தைவிட்டு எழுந்து வெளியே வரும். இதைச் செய்யாமல் பையில் நட்டுவிட்டால், நாம் செடிக்கு விடும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் முதல் சில வாரங்களுக்குத் தூளே பிடுங்கிக்கொள்ளும்.

கழுவுவதும் பதப்படுத்துவதும்

ஐந்து சென்ட் குடிலில் ஒரு பைக்கு ஒரு செடி வீதம் ஏறத்தாழ 500 செடிகள் வைக்கலாம். பைக்கு 10 லிட்டர் தூள் என்றால் 5,000 லிட்டர். கடையில் கிடைக்கும் 5 கிலோ கட்டி ஒன்று ஊறினால் 65 முதல் 70 லிட்டர் தூளாகும். ஆகவே 75 கட்டிகள் வாங்க வேண்டும்.

ஒரு கட்டிக்கு 25 லிட்டர் தண்ணீர் ஊற்றி உதிர்த்தபின், வடிகால் உள்ள தளத்திலோ துளையிட்ட பீப்பாயிலோ போட்டு நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். பழுப்பு நிறம் போய்த் தண்ணீர் தெளிவாக வந்தால் உப்பு போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். நிறம் வேறு, உப்பு வேறு. கையடக்க ஈ.சி. மீட்டர் ஒன்று இந்தத் தொழிலுக்கு மண்வெட்டியைப்போல் அவசியம். ஊற்றும் நீரையும் வடியும் நீரையும் அளந்து பாருங்கள். வடியும் நீரின் அளவு 0.5 மில்லிசீமன்ஸுக்கு மேல் கூடுதலாக இல்லாவிட்டால் போதும்.

அதன்பின் கட்டி ஒன்றுக்கு 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டை 20 லிட்டர் நீரில் கரைத்து, தூள் முழுதும் நனையும்படி ஊற்றி ஒரு நாள் முழுதும் ஊறவிட வேண்டும். மறுநாள் வடித்து, மீண்டும் ஒரு முறை நல்ல தண்ணீரால் அலச வேண்டும். 75 கட்டிக்கு ஏழரைக் கிலோ கால்சியம் நைட்ரேட் செலவாகும். இந்தச் செலவைச் சேமிக்க நினைத்தால் பின்னால் காயில் இழக்க நேரிடும். 'கழுவிப் பதப்படுத்தியது' என்று சொல்லி விற்கும் கட்டிகளையும் ஒரு கைப்பிடி ஊறவைத்து அளந்து பார்த்தே வாங்குவது நல்லது.

மில்லிலிருந்து பச்சைத் தூளை லாரியில் கொண்டுவருபவர்கள் வடகிழக்குப் பருவமழையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். சரிவான இடத்தில் ஓரடி உயரத்துக்குப் பரப்பி வைத்தால் மழையே கழுவிக் கொடுக்கும். குவியலாக விட்டால் மேல்பகுதி மட்டும்தான் கழுவப்படும். கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைக்கும் வேலையை மழை செய்யாது. அதை நாம்தான் செய்ய வேண்டும்.

கிணற்று நீரைப் பாருங்கள்

தூளை வாங்குவதற்கு முன்பே தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். கார அமில நிலை, மின்கடத்து திறன், சோடியம், பைகார்பனேட் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். மின்கடத்து திறன் 0.5க்குள் இருந்தால் மிக நன்று. 1க்கு மேல் போனால் யோசிக்க வேண்டும். 1.5ஐத் தாண்டிய நீரை வைத்துக்கொண்டு இந்தத் தொழிலில் இறங்க வேண்டாம் என்பதே எமது கருத்து.

உர நீரின் கார அமில நிலை 5.5க்கும் 6.5க்கும் இடையில் இருக்க வேண்டும். நம் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் இது 7.5க்கு மேல் இருக்கும். அப்படியானால் பாஸ்பாரிக் அமிலம் சேர்த்துக் குறைக்கலாம். முதலில் ஒரு 10 லிட்டர் வாளியில் சிறிது சிறிதாகச் சேர்த்து, எத்தனை மில்லிக்குச் சரியான நிலை வருகிறது என்று கண்டு, அந்தக் கணக்கைத் தொட்டிக்குப் பெருக்கிக்கொள்ளுங்கள். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் தெறித்துக் கண்ணைக் கெடுத்துவிடும்.

தண்ணீரோடு உரம்

மண்ணில் காயவிட்டுப் பாய்ச்சுவது நல்ல பழக்கம். தூளில் அது கெடுதல். ஈரம் குறையக் குறைய உப்பு செறிந்து வேர் நுனியைச் சுட்டுவிடும். ஆகவே சிறிது சிறிதாக, பலமுறை, ஒவ்வொரு முறையும் உரம் கலந்த நீராகவே விட வேண்டும்.

நட்ட முதல் வாரம் ஒரு தடவைக்கு 100 மில்லி வீதம் நாளுக்கு இரண்டு மூன்று முறை போதும். பூக்கும்போது நான்கு முதல் ஆறு முறை. காய் நிறைந்த செடிக்குக் கோடையில் நாளொன்றுக்கு 2 லிட்டர் வரை தேவைப்படும். அதை 200 மில்லி வீதம் பத்து முறையாகப் பிரித்துக் கொடுக்கலாம். மணிக்கு 2 லிட்டர் சொட்டும் சொட்டுவானில் 200 மில்லிக்கு 6 நிமிடம் ஆகும். சூரியன் உதித்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத் தொடங்கி, மறைவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு நிறுத்திவிட வேண்டும். இரவில் வேர் மூச்சுவிட இடம் வேண்டும்.

மும்முனை மின்சாரம் வரும் நேரத்தை நம்பி இப்படிப் பத்து முறை விட முடியாது. 1,000 லிட்டர் தொட்டி ஒன்றை மேடையில் ஏற்றி வைத்து, மின்சாரம் உள்ளபோது நிரப்பிக்கொண்டு, வாலைத் திறந்து விடுவதே சிறு விவசாயிக்கு ஏற்ற வழி. தொட்டியிலிருந்து இறங்கும் நீருக்கு அழுத்தம் குறைவு என்பதால் சொட்டுவான் சொன்ன அளவு சொட்டாது. வரிசையின் முதலிலும் கடைசியிலும் ஒரு பாத்திரம் வைத்து அளந்து நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

500 செடிக்கு 2 லிட்டர் வீதம் என்றால் ஒரு தொட்டி ஒரு நாளைக்குச் சரியாக இருக்கும். வளர்ந்த செடிக்கு அந்த 1,000 லிட்டரில் கலக்க வேண்டியவை: கால்சியம் நைட்ரேட் 700 கிராம், பொட்டாசியம் நைட்ரேட் 400 கிராம், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் (0:52:34) 200 கிராம், மக்னீசியம் சல்பேட் 400 கிராம், இரும்புச் சீலேட் 20 கிராம். மற்ற நுண்ணூட்டக் கலவையைப் பொட்டலத்தில் சொன்ன அளவு சேர்க்கலாம். நாற்றுப் பருவத்தில் எல்லாவற்றிலும் பாதி. காய் பருக்கத் தொடங்கியபின் பொட்டாசியம் நைட்ரேட்டை மட்டும் 500 கிராமாக உயர்த்தலாம்.

தொட்டியில் தண்ணீரை நிரப்பியபின் ஒவ்வொன்றையும் தனித்தனி வாளியில் கரைத்து ஊற்ற வேண்டும். கால்சியம் நைட்ரேட்டைக் கடைசியில் ஊற்றுங்கள். அதை மக்னீசியம் சல்பேட்டுடனோ பாஸ்பேட்டுடனோ ஒரே வாளியில் கரைத்தால் பால் திரிந்ததுபோல் வெள்ளையாகப் படிந்து சொட்டுவானை அடைத்துவிடும். யூரியா, டி.ஏ.பி., சிவப்புப் பொட்டாஷ் எதுவும் இங்கு வேண்டாம். 19:19:19 மட்டும் விட்டுக்கொண்டிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பையில் தழை, மணி, சாம்பல் மூன்றும் உண்டு. கால்சியமும் மக்னீசியமும் இல்லை. மண்ணில் அவை எங்கிருந்தாவது கிடைத்துவிடும். தூளில் கிடைக்காது.

வடிநீர் சொல்லும் செய்தி

விட்ட நீரில் 10 முதல் 20 விழுக்காடு பையின் அடியில் வடிய வேண்டும். பயிர் வேண்டாமென்று விட்ட உப்பு அதில்தான் வெளியேறும். நான்கைந்து பைகளின் கீழ் தட்டு வைத்து, நாள்தோறும் மாலையில் வடிநீரின் அளவையும் ஈ.சி.யையும் பார்த்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். உள்ளே விட்டதைவிட வடிநீர் 1 மில்லிசீமன்ஸுக்கு மேல் கூடிவிட்டால், மறுநாள் பாதி அளவு உரம் கரைத்த நீரை வழக்கத்தைவிட அதிகமாக விட்டு அலச வேண்டும். வடிநீர் உள்ளே விட்டதைவிடக் குறைவாகக் காட்டினால் செடி பசியோடிருக்கிறது என்று பொருள். நிழல்வலைக்குள் மழை கொட்டிய மறுநாள் இப்படித்தான் இருக்கும். அன்று முழு அளவு உரம் கொடுங்கள்.

வடிநீரைக் கிணற்றுப் பக்கம் போகவிடாமல் வாய்க்கால் எடுத்துத் தீவனப் புல்லுக்கோ வாழைக்கோ பாய்ச்சலாம்.

பையின் மேல்பகுதி காய்ந்து தெரிந்தாலும் அடியில் ஈரம் இருக்கும். பையைத் தூக்கிக் கனம் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். பை கனமாக இருந்தும் நடுப்பகலில் செடி வாடினால் மேலும் தண்ணீர் விடக் கூடாது, வேரைப் பாருங்கள். வெள்ளையாக இல்லாமல் பழுப்பாக, கையில் உரிந்து வந்தால் வேர் அழுகுகிறது.

தக்காளியின் அடிப்புறம் கறுத்துக் குழிவிழுந்தால் பூசண மருந்து வாங்கக் கடைக்கு ஓடவேண்டாம். அது பூசணம் அல்ல; காய்க்குக் கால்சியம் போய்ச் சேரவில்லை. கால்சியம் தண்ணீரோடுதான் செடிக்குள் ஏறுகிறது. ஒருநாள் காய்ச்சலும் மறுநாள் பாய்ச்சலுமாக இருந்தால், தொட்டியில் எவ்வளவு கால்சியம் கரைத்தாலும் காய்க்குப் போதாது. கறுத்த காய்களைப் பறித்து எறிந்துவிட்டு, முதலில் தண்ணீர் விடும் நேரத்தை ஒழுங்கு செய்யுங்கள். அடுத்து வரும் கொத்துகள் தேறும். அடி இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி மஞ்சளித்தால் மக்னீசியக் குறை. அதே அடையாளம் கொழுந்திலையில் தெரிந்தால் இரும்புக் குறை. பெரும்பாலும் நீரின் கார நிலை ஏறியிருக்கும்.

ஒரு முறை நிரப்பிய தூளை இரண்டு மூன்று பட்டத்துக்குப் பயன்படுத்தலாம். பழைய செடியை அடியோடு வெட்டி, கையில் வரும் வேரை எடுத்துவிட்டு, அலசி அளந்தபின் மீண்டும் நடவேண்டும். வாடல் கண்ட பைகளின் தூளை மறுபடி பயன்படுத்தக் கூடாது. காய்கறி வயலுக்கும் கொண்டுபோகக் கூடாது. தென்னை வட்டப்பாத்தியில் பரப்பினால் கோடையில் ஈரம் காக்கும்.