யேல் குடும்பத்தின் கொடிவழியும் நம் வீட்டுக் கொடிவழியும்

கனெக்டிகட் மாநிலத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் யேல் பல்கலைக்கழகத்தின் பெயரை அறியாதவர் இருக்க மாட்டார்கள். தம் பிள்ளைக்கு அங்கே ஓர் இடம் கிடைக்காதா என்று ஏங்காத பெற்றோரும் குறைவு. ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் நம் சென்னைப் பட்டினத்தில் இருபத்தேழு ஆண்டுகள் வாழ்ந்தவர் என்பதும், அவருடைய ஒரே ஆண் வாரிசின் கல்லறை இன்றும் சென்னையில் இருக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது. அந்தக் குடும்பத்தின் வரலாற்றைத் தேடப் போய் என் குடும்பத்தின் வரலாற்றைக் கொஞ்சம் மீட்டுக்கொண்டேன். அந்த அனுபவத்தையே இங்கு ஒரு பாடமாக எழுதுகிறேன்.

திருச்சானூரில் எழுந்த கேள்வி

என் சொந்த ஊர் திருச்சானூர். திருப்பதியிலிருந்து ஐந்து கிலோமீட்டர். பத்மாவதித் தாயார் கோயில் கொண்ட ஊர். 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது எங்கள் ஊர் அந்தப் பக்கம் சேர்ந்தது. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு என்று வளர்ந்தவர்கள் நாங்கள். சென்ற கார்த்திகையில் பஞ்சமி தீர்த்தத்துக்காகக் குடும்பத்தோடு போயிருந்தோம். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி, பள்ளியில் கொடுத்த வேலையையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். குடும்ப மரம் ஒன்று வரைய வேண்டும். கட்டங்கள் போட்ட தாளை என் முன்னே விரித்து, "தாத்தா, உங்களோட தாத்தா பாட்டிக்கு அப்பா அம்மா யாரு? மொத்தம் எட்டுப் பேர் வரணும்" என்றாள்.

எட்டுப் பேரில் எனக்குத் தெரிந்தது இரண்டே பெயர்கள். இரண்டும் ஆண்களின் பெயர்கள். வெட்கமாக இருந்தது. அவளுடைய வகுப்பில் ஒரு பையன் தன் குடும்பத்தை 1630களில் கப்பலேறி வந்தவர் வரைக்கும் எழுதிவிட்டானாம். "அவங்களுக்கு மட்டும் எப்படித் தெரியுது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல எனக்கு நினைவுக்கு வந்தவர்தான் எலிஹு யேல்.

வேல்சிலிருந்து நியூ ஹேவனுக்கு

யேல் குடும்பத்தை ஆங்கிலேய வணிகக் குடும்பம் என்று சொல்வது வழக்கம். வேர் இருப்பது இங்கிலாந்துக்கு மேற்கே உள்ள வேல்ஸ் நாட்டில், ரெக்ஸம் நகருக்கு அருகில். பழைய வேல்ஸ் மக்களுக்கு நம்மைப் போலவே குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரோடு மகன் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். நம் தலைப்பெழுத்து மாறுவதைப் போலத்தான். பதினாறாம் நூற்றாண்டில் இந்தக் குடும்பத்தார் தாங்கள் வாழ்ந்த 'யால்' என்ற வட்டாரத்தின் பெயரையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார்கள். ஊர்ப் பெயரைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் நமக்கு இது புதிதல்ல.

1619இல் தாமஸ் யேல் என்பவர் இறந்தார். அவருடைய மனைவி ஆன், செஸ்டர் நகரப் பேராயர் ஜார்ஜ் லாயிடின் மகள். அவர் பிறகு லண்டன் வணிகர் தியோஃபிலஸ் ஈட்டனை மணந்தார். இந்த ஈட்டன்தான் 1637இல் ஒரு கூட்டத்தாரோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறி, 1638இல் நியூ ஹேவன் குடியேற்றத்தை நிறுவியவர்களில் ஒருவர். அதன் முதல் ஆளுநரும் அவரே. ஆனின் முதல் திருமணத்துப் பிள்ளைகளான டேவிட், தாமஸ், ஆன் மூவரும் அவரோடு அமெரிக்கா வந்தார்கள். மகள் ஆனை மணந்த எட்வர்ட் ஹாப்கின்ஸ் கனெக்டிகட்டின் ஆளுநரானார்.

மூத்தவர் டேவிட் பாஸ்டனுக்குப் போனார். 1649 ஏப்ரல் 5ஆம் நாள் அங்கே பிறந்தவர்தான் எலிஹு. குழந்தைக்கு மூன்று வயதாகும்போது, 1652இல், குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டது. எலிஹு அதன்பின் அமெரிக்க மண்ணை மிதிக்கவே இல்லை. இளையவர் தாமஸோ நியூ ஹேவனிலேயே தங்கிவிட்டார்.

சென்னையில் யேல்

கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தராகச் சேர்ந்த எலிஹு 1672இல் சென்னைக்கு வந்தார். அப்போது புனித ஜார்ஜ் கோட்டைக்கு வயது முப்பதுக்குச் சற்று மேல். அந்தக் கோட்டைக்கு நிலம் கொடுத்த அரசு எது தெரியுமா? திருச்சானூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்வரக்கூடிய சந்திரகிரியைத் தலைநகராகக் கொண்டிருந்த விஜயநகர அரசர்களின் அரசுதான். அவர்களுக்குக் கீழ்ப்பட்ட தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் 1639இல் அந்த நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுத்தார். அவருடைய தந்தை சென்னப்பரின் பெயரால் அமைந்ததே சென்னப்பட்டினம். 1645இல் அரசர் ஸ்ரீரங்கராயர் அந்தக் கொடையை உறுதி செய்தார். பேத்தியைச் சந்திரகிரி ராஜ மகாலுக்கு அழைத்துப் போய் இதைச் சொன்னபோதுதான் யேலின் கதையில் அவளுக்கு ஆர்வம் பிறந்தது.

1680 நவம்பரில், கோட்டைக்குள் புதிதாகக் கட்டப்பட்ட புனித மேரி தேவாலயத்தில் நடந்த முதல் திருமணம் யேலுடையது. மணமகள் கேத்தரின், ஜோசப் ஹின்மர்ஸ் என்ற கம்பெனி அதிகாரியின் விதவை. 1687இல் யேல் கோட்டையின் ஆளுநரானார். அவர் காலத்தில்தான், 1688இல், சென்னை மாநகராட்சி தொடங்கியது. அதன் முதல் மேயர் நத்தானியல் ஹிக்கின்சன், கனெக்டிகட்டின் கில்ஃபோர்டு ஊரில் பிறந்து ஹார்வர்டில் படித்தவர். 1692இல் யேல் தம் சொந்த வணிகத்துக்காகப் பதவியைப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டுகளால் நீக்கப்பட்டபோது, அவருக்குப் பின் ஆளுநரானவரும் இதே ஹிக்கின்சன்தான். அமெரிக்கக் குடியேற்றங்களில் பிறந்த இருவர் அடுத்தடுத்துச் சென்னையை ஆண்டிருக்கிறார்கள்!

வைரத்திலும் பிற வணிகத்திலும் பெரும் பொருள் சேர்த்த யேல் 1699இல் இங்கிலாந்து திரும்பினார். நியூ ஹேவனில் நலிந்திருந்த ஒரு சிறு கல்லூரிக்கு உதவ வேண்டும் என்று 1718இல் பாஸ்டன் மதபோதகர் காட்டன் மாதர் அவருக்குக் கடிதம் எழுதினார். கல்லூரிக்கு அவர் பெயர் வைக்கலாம் என்றும் குறிப்புக் காட்டினார். யேல் ஒன்பது மூட்டைச் சரக்கும், 417 நூல்களும், அரசர் முதலாம் ஜார்ஜின் ஓவியமும் அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுன் கிடைத்தது. கல்லூரி 'யேல்' ஆயிற்று. 1721இல் லண்டனில் இறந்த அவர், முன்னோரின் ஊரான ரெக்ஸமில் அடக்கம் செய்யப்பட்டார்.

கொடிவழி தேடுவோர் வழுக்கும் இடங்கள்

இந்தக் குடும்பத்தின் கதையில் நமக்கு மூன்று பாடங்கள் உள்ளன.

முதலாவது: பெயர் ஒன்றாக இருப்பதால் வாரிசு என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவிலுள்ள யேல் குடும்பத்தார் எலிஹுவின் வழிவந்தவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். எலிஹுவுக்கும் கேத்தரினுக்கும் பிறந்த ஒரே மகன் டேவிட் நான்கு வயது நிறையும் முன்பே இறந்துவிட்டான். மகள்களில் இருவர் இங்கிலாந்தில் மணமுடித்தார்கள். அமெரிக்க யேல்கள், நியூ ஹேவனில் தங்கிவிட்ட சித்தப்பா தாமஸின் வழியினர். நம் வீட்டுக் கதவுகளில் தொங்கும் யேல் பூட்டை உருவாக்கிய லைனஸ் யேலும் அந்தக் கிளையைச் சேர்ந்தவரே.

இரண்டாவது: காலக் கணக்கு. சிறுவன் டேவிட்டின் கல்லறை, சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில், ஹின்மர்ஸின் கூர்நுனிக் கோபுரத்தோடு சேர்ந்து இருக்கிறது. அவன் 1687 ஜனவரியில் இறந்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. நம் கணக்கில் அது 1688. ஏனென்றால் 1752 வரைக்கும் ஆங்கிலேயருக்கு ஆண்டு பிறந்தது மார்ச் 25ஆம் நாளில். இதே குழி நமக்கும் உண்டு. ஜாதகத்தில் 'துன்மதி வருஷம்' என்றிருந்தால் அது 1981ஆ, 1921ஆ, 1861ஆ? அறுபது ஆண்டுக்கு ஒருமுறை பெயர் திரும்பி வரும். பக்கத்திலுள்ள வேறு செய்தியோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவதே முக்கியமானது: எழுதி வைத்தவர்களுக்கே வரலாறு கிடைக்கிறது. 1538இல் இங்கிலாந்தில் ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிய வேண்டும் என்று ஆணை பிறந்தது. அந்த ஏடுகள்தான் பேத்தியின் வகுப்புத் தோழனுக்கு 1630ஐக் கொடுத்தன.

பெயர் எழுதப்படாதவர்கள்

ஆனால் அதே கோட்டையின் ஏடுகளில் இன்னொரு பக்கமும் உண்டு. 1680களில் சோழமண்டலக் கரையில் பஞ்சம். பசியில் வாடியவர்களை வாங்கிக் கப்பலேற்றும் கொடுமை நடந்தது. ஐரோப்பா நோக்கிச் செல்லும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளை அனுப்ப வேண்டும் என்று கோட்டையின் ஆலோசனைக் குழு முடிவெடுத்தது. அந்தக் குழுவில் யேலும் இருந்தார். பின்னர் 1688இல் அந்த ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. திருமணமும் குழந்தைகளின் பிறப்பும் நாள் தவறாமல் எழுதப்பட்ட அதே ஊரில், கப்பலேறிய நம் மக்கள் 'பத்துப் பேர்' என்ற எண்ணாகவே நின்றுவிட்டார்கள். யாருடைய மகன், யாருடைய மகள் என்பது இல்லை. 2024 பிப்ரவரியில் யேல் பல்கலைக்கழகம் அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புகளுக்கு மன்னிப்புக் கேட்டது. நல்லதுதான். ஆனால் தொலைந்த பெயர்களை மன்னிப்பு மீட்டுத் தராது.

எழுதும் வழக்கம் நம்மிடம் இல்லாமல் போகவில்லை. திருமலை, திருப்பதி, திருச்சானூர்க் கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உண்டு, பெரும்பாலானவை தமிழில். பத்தாம் நூற்றாண்டில் திருமலைக் கோயிலுக்கு வெள்ளித் திருமேனி கொடுத்த சாமவை என்ற காடவன் பெருந்தேவியைப் பற்றி, யாருடைய மகள், யாருடைய மனைவி என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஆனால் கல்லில் இடம் பெற அரசியாகவோ கொடையாளியாகவோ இருக்க வேண்டும். குளத்தங்கரையில் பூக்கட்டியவளுக்கு அங்கே இடமில்லை.

அத்தை சொன்ன பெயர்

அன்றிரவு எண்பத்தெட்டு வயதான என் அத்தையிடம் தாளோடு போய் உட்கார்ந்தோம். முதலில் பழைய கிரயப் பத்திரம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தெலுங்கில் இருந்தது. 'இன்னாரின் மகன் இன்னார்' என்று வரிசையாக மூன்று தலைமுறை ஆண்கள். பெண் ஒருத்தியும் இல்லை. பிறகு அவராகவே பேசத் தொடங்கினார். அவருடைய பாட்டி, அதாவது என் கொள்ளுப்பாட்டி, திருத்தணிப் பக்கத்திலிருந்து மாட்டு வண்டியில் மருமகளாக வந்தவராம். கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுத்தாராம். பெயர் கேட்டதும் அத்தை சிரித்தார். "நம்ம ஊர்த் தாயார் பேருதாம்பா. அதனால அந்தப் பேரைச் சொல்லித் திட்டக் கூடாதுன்னு மாமியாரு கடைசி வரைக்கும் 'பொண்ணே'ன்னுதான் கூப்பிட்டாங்களாம்."

பேத்தி அதைக் கட்டத்தில் எழுதினாள். "இத்தனை வருஷத்துல இதை யாருமே என்கிட்ட கேட்கலியே கண்ணு" என்றார் அத்தை. எட்டில் ஐந்து பெயர்கள் கிடைத்தன. மற்ற மூன்று பெயர்களை அறிந்தவர்கள் உயிரோடு இல்லை. அந்தக் கட்டங்களை அழித்துவிடலாமா என்று பேத்தி கேட்டாள். வேண்டாம் என்றேன். 'பெயர் தெரியவில்லை' என்று எழுதச் சொன்னேன். தெரியாததைக் கற்பித்து எழுதுவதும் பிழை, அவர்கள் இருந்ததையே மறைப்பதும் பிழை.

நாம் செய்யக்கூடியவை

வாசகர்களுக்கு என் வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது வீட்டின் மூத்தவரிடம் பெயர்களைக் கேளுங்கள். பெண்களின் பெயர்களையும், அவர்கள் பிறந்த ஊரையும் முதலில் கேளுங்கள். அமாவாசைத் தர்ப்பணம் செய்யும் வீடுகளில் தந்தை வழியிலும் தாய் வழியிலும் மூன்று தலைமுறைப் பெயர்கள் சொல்லப்படும். அவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை, ஜாதகம், கிரயப் பத்திரம் எதையும் எறியாதீர்கள். அவற்றைப் படம் பிடித்து, அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் இருக்கும்போதே படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் யார் சொன்னது, எந்த நாளில் என்று குறித்து வையுங்கள்.

நம் பேரப்பிள்ளைகள் நாளை யேலில் படிக்கலாம், படிக்காமலும் போகலாம். எலிஹு யேலின் பாட்டி பெயரை எந்த நூலகத்திலும் அவர்கள் தெரிந்துகொள்ளலாம். தங்கள் பாட்டியின் பாட்டி பெயரை நாம் எழுதி வைத்தால்தான் தெரிந்துகொள்வார்கள்.