கம்பளி வாடையும் கைக்குழந்தையும்

மழைக்காலம் வந்துவிட்டால் தோட்டத்து வீடுகளில் தாய்மார்கள் சொல்லும் குறை ஒன்றுதான்: "கம்பளியெல்லாம் நாத்தம் அடிக்குது, என்ன செஞ்சும் போக மாட்டேங்குது." உடனே கடைக்குப் போய் ஒரு பொட்டலம் அந்துருண்டை வாங்கி வந்து துணிப் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுகிறோம். வாடை போய்விட்டதாக நினைக்கிறோம். உண்மையில் ஒரு வாடையை இன்னொரு வாடையால் மூடியிருக்கிறோம், அவ்வளவுதான். சில வேளைகளில் அந்த இரண்டாவது வாடைதான் ஆபத்து.

வாடை எங்கிருந்து வருகிறது?

வியர்வை, மூத்திரம், ரப்பர்பால் போன்றவை துணியில் தங்கி, ஈரமும் சேர்ந்தால், கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அவற்றைத் தின்று பெருகுகின்றன. அதனால்தான் நாற்றம் உண்டாகிறது. சரியாகக் காயாத துணியை மடித்து வைத்தால் பூசணம் பிடித்து மக்கல் வாடை அடிக்கும். இளைப்பு உள்ள பிள்ளைகளுக்குப் பூசணம் இருமலையும் மூச்சுத் திணறலையும் கிளப்பிவிடும். ஆகவே அழுக்கையும் ஈரத்தையும் எடுப்பதே சரியான வைத்தியம்.

போக்கும் முறை

1. மூத்திரம் பட்ட போர்வையை உடனே பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். பிறகு அரை வாளித் தண்ணீரில் ஒரு கோப்பை சமையல் சுக்கா கலந்து அரை மணி நேரம் ஊற வைத்து, நன்றாக அலசி, அதன் பிறகு சவர்க்காரம் போட்டுத் துவையுங்கள்.

2. மக்கல் வாடை அடிக்கும் கம்பளியை வீட்டுக்கு வெளியே உதறி, துவைத்து, வெயிலில் இரண்டு பக்கமும் காய விடுங்கள். மேலே காய்ந்திருந்தாலும் தையல் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் மடிக்க வேண்டாம்.

3. இலவம் பஞ்சு மெத்தை, தலையணையைத் தண்ணீரில் முக்கக் கூடாது. உள்ளே காயவே காயாது. உறையை மட்டும் துவைத்து, பஞ்சை வெயிலில் போடுங்கள். மெத்தை மேல் சோடா மாவைத் தூவி, சில மணி நேரம் கழித்துத் தட்டிவிட்டாலும் வாடை குறையும்.

4. பால்வெட்டுக்குப் போட்டுப்போன உடுப்பை வீடு வந்ததும் அலசிவிடுங்கள். படுக்கும் அறையில் மாட்டி வைக்காதீர்கள்.

பிளீச் பாட்டிலில் கவனம்!

பிளீச் எனப்படும் வெளுப்புத் தண்ணீரோடு வேறு எதையும் கலக்கக் கூடாது. சுக்காவோடு சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சுக்காற்று கிளம்பும். பால் உறைய வைக்கும் ஆசிட்டோடு சேர்ந்தாலும் அப்படித்தான். பால் உறையாமலிருக்க ஊற்றும் அமோனியாவோடு சேர்ந்தால் வேறொரு நச்சுக்காற்று வரும். பழைய மூத்திரத்திலும் அமோனியா உண்டு. ஆகவே மூத்திரத் துணியில் நேரே பிளீச் ஊற்றாதீர்கள். ஆசிட் இருந்த வாளியைத் துணி துவைக்க எடுக்காதீர்கள். கண் எரிந்து, தொண்டை கரகரத்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியே காற்றுக்கு வாருங்கள்.

அந்துருண்டையும் ஜி6பிடி குறையும்

சில குழந்தைகள் பிறக்கும்போதே இரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதி குறைந்து பிறக்கின்றன. ஆண் குழந்தைகளிடம் இது அதிகம். நம் மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து இதைச் சோதிக்கிறார்கள். "உங்க பிள்ளைக்கு ஜி6பிடி குறை இருக்கு" என்று மிஸ்ஸி சொன்னால் அலட்சியமாக இருந்துவிடாதீர்கள்.

அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் ஆவியாகித் துணியில் ஏறுகிறது. அந்தத் துணியைப் போர்த்தினால் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் குழந்தையின் உடம்புக்குள் போகிறது. ஜி6பிடி குறை உள்ள குழந்தைக்கு இதனால் சிவப்பணுக்கள் உடைந்து, இரத்தம் குறைந்து, மஞ்சள் காமாலை வரும். காமாலை முற்றினால் மூளை பாதிக்கப்படும். உயிருக்கே மோசம் வரலாம்.

பாட்டி ஆசையாகப் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்த கம்பளியாக இருக்கலாம். இருந்தாலும் அந்துருண்டை வாடை அடித்தால் அதைப் பிள்ளைக்குப் போர்த்த வேண்டாம். ஜி6பிடி குறை உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் அந்துருண்டையே வேண்டாம். கண்ணும் தோலும் மஞ்சளாகி, மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில் போய், பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால் அப்போதே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். "காலை வெயிலில் காட்டினால் சரியாயிடும்" என்று காத்திருக்காதீர்கள். வெயில் கம்பளிக்கு வைத்தியம், காமாலைக்கு அல்ல.

மருந்தடிப்பு உடுப்பு

நாற்றம் இருந்தால்தான் அழுக்கு என்று நம்பக் கூடாத துணி ஒன்று உண்டு. அதுதான் மருந்தடிக்கும் தோழர்களின் உடுப்பு. பாராகுவாட் என்ற களைக்கொல்லி நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் வேறு களைக்கொல்லிகளும் பூச்சி மருந்துகளும் அடிக்கப்பட்டு வருகின்றன. அவற்றில் சிலவற்றுக்கு வாடையே தெரியாது. வாடை இல்லாததால் விஷம் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். இந்த உடுப்பை அன்றன்றே, கையுறை போட்டு, தனி வாளியில் துவையுங்கள். பிள்ளைகளின் போர்வையோடு ஒன்றாக ஊற வைக்கவே கூடாது.

வேலையிடத்திலேயே குளித்து உடை மாற்ற வசதி இருந்தால் விஷம் வீடுவரை வராது. தொழிலாளர்களின் பாதுகாப்பும் சுகாதாரமும் நிர்வாகத்தின் கடமை என்று 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. உங்கள் தோட்டத்தில் அந்த வசதி இல்லையென்றால் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். சங்கத்தின் மூலம் கேளுங்கள்.

தாய்மார்களே, இன்றே துணிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அந்துருண்டை கிடந்தால் எடுத்துவிட்டு, துணிகளைத் துவைத்து, வாடை முழுக்கப் போகும்வரை வெயிலிலும் காற்றிலும் போடுங்கள். வெயிலுக்கும் காற்றுக்கும் யாரும் காசு கேட்பதில்லை.