ஐந்து சொட்டுத் தண்ணீரின் கணக்கு

புக்கிட் செலம்பாவ் வட்டாரத் தோட்டங்களில் பால் மரம் சீவிய பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். வாளி நிறையப் பால் கொண்டுபோனாலும் எடையை மட்டும் வைத்துக் கணக்கு எழுதிவிட மாட்டார்கள். மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலுக்குள் விட்டு, அதில் ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். தராசு பொய் சொல்லவில்லை. ஆனால், எதன் எடை என்பதுதான் கேள்வி.

செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் தரும் எண்களுக்கும் இந்தச் சோதனை தேவைப்படுகிறது. ஓர் எண்ணை எடுத்து நாமே மிதவையை விட்டுப் பார்ப்போம்.

2025 ஆகஸ்டில் கூகுள் ஒரு கணக்கை வெளியிட்டது. ஜெமினியிடம் எழுத்து வழியாகக் கேட்கும் ஒரு கேள்விக்கு 0.24 வாட்-மணி மின்சாரமும் 0.26 மில்லிலிட்டர் தண்ணீரும் செலவாகின்றன, 0.03 கிராம் கரியமில வாயு வெளியாகிறது. தண்ணீர் வெறும் ஐந்து சொட்டுதான் என்றது அந்த நிறுவனம்.

முதலில் தண்ணீர். கணினிகள் தின்னும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகிவிடும். அந்த வெப்பத்தை வெளியேற்ற மலிவான வழி, தண்ணீரை ஆவியாக்குவது. நம் உடம்பு வியர்ப்பதும் இதே தத்துவம்தான். ஒரு யூனிட் மின்சாரத்தின் வெப்பத்தைப் போக்க ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டும். அப்படியானால் 0.24 வாட்-மணிக்கு 0.36 மில்லிலிட்டர். எல்லா இடத்திலும் தண்ணீரால் குளிர்விப்பதில்லை என்பதால் 0.26 நம்பத்தகுந்த எண்தான். வேலையின்றிக் காத்திருக்கும் கணினிகளின் மின்செலவையும் கூகுள் இதில் சேர்த்திருப்பது பாராட்ட வேண்டியது. மற்ற நிறுவனங்கள் பல இவ்வளவுகூடச் சொல்வதில்லை.

எண்ணில் பொய் இல்லை. சரி, வாளிக்குள் என்ன இல்லை?

அந்த மின்சாரத்தை உற்பத்தி செய்த மின்நிலையம் ஆவியாக்கிய தண்ணீர் இல்லை. ஜெமினியைப் பயிற்றுவிக்கச் செலவான மின்சாரம் இல்லை. படம், காணொளி தயாரிக்கும் வேலைகள் இல்லை. தவிர, இது சராசரியும் அல்ல. கேள்விகளைச் செலவுப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கும் ஒரு கேள்வியின் கணக்கு. வரிசையின் கடைசியில் நிற்கும் கனமான கேள்விகள் எவ்வளவு இழுக்கின்றன என்பது இதில் தெரியாது.

கரியமில வாயுக் கணக்கு இன்னும் சுவாரசியமானது. 0.24 வாட்-மணிக்கு 0.03 கிராம் என்றால், ஒரு யூனிட்டுக்கு 125 கிராம். தீபகற்ப மலேசியாவில் பெரும்பகுதி மின்சாரம் நிலக்கரியிலும் எரிவாயுவிலும் கிடைப்பதால், ஒரு யூனிட்டுக்கு 600 கிராமுக்கு மேல் வெளியாகிறது. கூகுளின் எண் எப்படி இவ்வளவு குறைந்தது? பல நாடுகளின் மையங்களைச் சேர்த்துப் போட்ட கணக்கு என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியம், நிறுவனம் விலை கொடுத்து வாங்கும் சூரிய, காற்று மின்சார ஒப்பந்தங்களைக் கழித்துக்கொண்ட கணக்கு அது. கணக்கியல் விதி இதை அனுமதிக்கிறது. ஆனால், காற்றில் கலந்த புகை அந்த ஒப்பந்தத்தைப் படிப்பதில்லை!

அடுத்து, பெருக்கல். சாட்ஜிபிடிக்கு ஒரு நாளில் 250 கோடி கேள்விகள் வருவதாக ஓப்பன்ஏஐ 2025இல் கூறியது. ஒரு கேள்விக்கு 0.34 வாட்-மணி என்று அதன் தலைவர் சாம் ஆல்ட்மேன் எழுதினார். பெருக்கினால் நாளொன்றுக்கு 8,50,000 யூனிட். மாதம் 300 யூனிட் செலவழிக்கும் 85,000 வீடுகளுக்கு அது போதும். ஒரு கேள்விக்கு விரல் நகத்தளவு, ஒரு நாளுக்கு ஒரு நகரம்.

அனைத்துலக எரிசக்தி நிறுவனக் கணிப்புப்படி, 2024இல் உலகத் தரவு மையங்கள் எல்லாம் சேர்ந்து 415 டெராவாட்-மணி மின்சாரம் எடுத்துக்கொண்டன. இது உலக மின்சாரத்தில் ஏறக்குறைய ஒன்றரை விழுக்காடு. 2030இல் 945 ஆகலாம். இதில் வங்கிக் கணக்கும் யூடியூப்பும் அடக்கம். எல்லாப் பழியையும் செயற்கை நுண்ணறிவின் மேல் போடுவது நியாயமில்லை. ஆனால் ஏற்றத்துக்கு முக்கியக் காரணம் அதுதான். 2030க்குள் வெளியிடுவதைவிட அதிகக் கரியமிலத்தை அகற்றுவோம் என்று 2020இல் உறுதியளித்த மைக்ரோசாப்ட்டின் வெளியேற்றம், அதன் 2024 அறிக்கையின்படி 29 விழுக்காடு கூடியிருந்தது. கூகுளுடையது 2019இலிருந்து 48 விழுக்காடு. இரண்டையும் சொன்னவை அந்த நிறுவனங்களே.

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று நினைக்க வேண்டாம். சிங்கப்பூர் 2019இல் புதிய தரவு மையங்களை நிறுத்திவைத்தபோது பல நிறுவனங்களின் பார்வை ஜொகூர் பக்கம் திரும்பியது. 2024இல் ஜொகூர் மாநிலக் குழு, வந்த விண்ணப்பங்களில் ஏறக்குறைய 30 விழுக்காட்டை நிராகரித்தது. தண்ணீரும் மின்சாரமும்தான் அங்கே பெரிய கவலை.

கெடாவுக்கு அப்படி ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் 100 மெகாவாட் மையம். ஒரு நாளில் 24 லட்சம் யூனிட். யூனிட்டுக்கு ஒன்றரை லிட்டர். மொத்தம் 36 லட்சம் லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 220 லிட்டர் என்றால், 16,000 பேர் புழங்கும் தண்ணீர். சுத்திகரித்த கழிவுநீரைப் பயன்படுத்தலாம். குளிர்சாதன இயந்திரமும் வைக்கலாம். அதற்கு மின்சாரம் கூடும். ஈரக்காற்றில் துணி சீக்கிரம் உலராததுபோல, நம் காற்றில் ஆவியாக்கலும் சுணங்கும்.

நம் பக்கத்து மூடா ஆறு ஏற்கெனவே நெல் வயலுக்கும் வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போகிறது. பினாங்கு எடுக்கும் ஆற்று நீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் இதிலிருந்துதான். எனவே ஒரு நிறுவனம் ‘ஆண்டுச் சராசரி’ என்று எண்ணை நீட்டினால், ஜனவரியிலிருந்து மார்ச் வரையிலான வறண்ட மாதங்களின் எண்ணைத் தனியாகக் கேளுங்கள். ஆறு இறங்கிக் கிடக்கும் அந்த மாதங்களில்தான் வெயிலும் அதிகம், குளிர்விக்கும் தேவையும் அதிகம்.