‘இறக்குமதி’ என்றார் அவர், ‘சங்கி’ என்றான் இவன்

கேள்வி: ஐயா, தேரடி வீதியில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். சென்னையில் படிக்கும் என் மகன் லீவுக்கு வந்து கடையில் உட்கார்ந்திருந்தான். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வது பற்றிப் பேச்சு வந்தது. என் நண்பர், “எல்லாம் வெள்ளைக்காரன் இறக்குமதி, பணக்காரப் பிள்ளைகளின் கொழுப்பு” என்றார். மகன் அவரை “சங்கி” என்றான். இருபது வருடப் பழக்கம். இப்போது அவர் கடைப் பக்கமே வருவதில்லை. யார் சொன்னது சரி? அர்த்தநாரீசுவரர் ஊரில் இருந்துகொண்டு இதை எதிர்க்கலாமா என்கிறானே மகன், அதற்கு என்ன சொல்வது?
- வாசகர், திருவண்ணாமலை

பதில்: இருவருமே இன்னும் விஷயத்துக்கு வரவில்லை ஐயா. ஆளுக்கொரு முத்திரையைக் குத்திவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள்.

நண்பரின் ‘இறக்குமதி’யைப் பார்ப்போம். இந்த உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு, 1860-இல் ஆங்கிலேய ஆட்சி இயற்றிய தண்டனைச் சட்டத்தில் வந்தது. ‘இயற்கைக்கு மாறான’ என்ற பேச்சு நம் நீதிமன்றங்களுக்குள் நுழைந்ததும் அதன் வழியேதான். வயது வந்த இருவர் சம்மதத்தோடு கொள்ளும் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று சொன்னது. அதனால் மகன் வென்றுவிட்டான் என்றும் ஆகாது. மிளகாயும் கப்பலில் வந்ததுதான். எங்கிருந்து வந்தது என்பதை வைத்துச் சரி, தவறு சொல்ல முடியுமா?

‘பணக்காரப் பிள்ளைகள்’ என்பதை மத்திய அரசே நீதிமன்றத்தில் சொல்லிப் பார்த்தது. திருமண உரிமை வழக்கில், இது ‘நகர்ப்புற மேட்டுக்குடி’ப் பார்வை என்று 2023-இல் எழுதிக் கொடுத்தது. அக்டோபர் 17 அன்று வந்த தீர்ப்பு கேட்டவர்களுக்குத் திருமண உரிமை தரவில்லை. ஆனாலும், இது நகரத்துக்கோ மேட்டுக்குடிக்கோ மட்டும் உரியதல்ல என்று அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட் எழுதியதை, அவரோடு பெரிதும் முரண்பட்ட நீதிபதி ரவீந்திர பட்டும் ஏற்றுக்கொண்டார். முத்திரையைக் கழற்றி வைத்துவிட்டும் ‘இல்லை’ என்று சொல்லலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி மகனின் ‘சங்கி’. 377-ஐத் தளர்த்திய டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் ஒரு ஜோதிடர் இருந்தார். முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம் இருந்தது. கிறிஸ்தவ அமைப்புகளும் இருந்தன. 2013-இல் வென்றதும் அவர்கள்தான். இத்தனை பேருக்கும் ஒரே சட்டையைப் போட முடியாது.

உங்கள் பக்கத்து மாவட்டத்துக்கே வருகிறேன். 2025 மே மாதம், வேலூர் மாவட்டப் போலீஸ் சம்பந்தப்பட்ட ஒரு ஆட்கொணர்வு மனு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. இருபத்தைந்து வயதுப் பெண்ணைப் பெற்றோர் வலுக்கட்டாயமாக வீட்டில் வைத்திருந்தனர். தன்னை அடித்ததாகவும், ‘சரியாக்க’ச் சடங்குகள் செய்ததாகவும் அந்தப் பெண் சொன்னார். மனுப் போட்டவர் அவருடைய துணை. ஆனால் மனுவில் தன்னை ‘நெருங்கிய தோழி’ என்று மட்டுமே எழுதியிருந்தார். முத்திரைக்குப் பயந்து ஒரு மனுஷி தன் உறவின் பெயரைக்கூடக் காகிதத்தில் எழுத முடியவில்லை. அந்தத் தயக்கம் புரிகிறது என்று சொன்ன நீதிபதிகள், அந்தப் பெண் விரும்பியவரோடு போகலாம் என்றனர். திருமணம் இல்லாமலும் குடும்பம் அமையும் என்றனர். அந்த இருவரில் ஒருவர் ஜி.ஆர். சுவாமிநாதன். உங்கள் மகனின் நண்பர்கள் அவரை எந்தப் பெயரால் அழைப்பார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்!

அதே தீர்ப்பில் ‘குயர்’ என்ற ஆங்கிலச் சொல்லும் நீதிபதிகளை உறுத்தியது. அகராதியில் அதற்கு ‘விசித்திரம்’ என்றல்லவா பொருள், அவரவர்க்கு அவரவர் நாட்டம் இயல்பானதுதானே என்று கேட்டார்கள். அந்த வசைச்சொல்லை உரியவர்களே வலிந்து எடுத்துச் சூடிக்கொண்ட வரலாறு வேறு. என்றாலும் கேள்வி நியாயமானது. தமிழில் நாம் வெகுகாலம் புழங்கிய ‘ஓரினச்சேர்க்கை’யும் ஆளை விட்டுவிட்டுப் படுக்கையை மட்டும் காட்டுகிற சொல். உங்களையும் உங்கள் மனைவியையும் யாராவது அப்படிக் குறிப்பிட்டால் பொறுத்துக்கொள்வீர்களா? ‘தன்பாலீர்ப்பு’ என்பது மனத்தைச் சொல்கிறது. ‘பால்புதுமையர்’ என்றும் எழுதுகிறார்கள். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021-இல் விசாரித்த வழக்கின் தொடர்ச்சியாக, மரியாதையான சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்ட்டில் அரசிதழிலேயே வெளியிட்டது. இதில் தனக்கும் முன்முடிவுகள் இருந்ததை ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு தீர்ப்பு எழுதியவர் அவர்.

அர்த்தநாரீசுவரரை விட்டுவிடச் சொல்லுங்கள் மகனிடம். கார்த்திகை தீபத்தன்று அவர் வெளியே வருவது சில நிமிடம். அது உமை இடப்பாகம் பெற்ற கதை. ஆணும் பெண்ணும் ஓருடலான கதை. அதைத் தன்பாலீர்ப்புக்குச் சாட்சியாக இழுப்பதும் முத்திரைதான், கொஞ்சம் விபூதி பூசிய முத்திரை.

நண்பரை மறுபடி கடைக்கு அழையுங்கள். ‘சங்கி’ என்றதற்கு மகன் முதலில் மன்னிப்புக் கேட்கட்டும். வயதில் சிறியவன், குறைந்துவிட மாட்டான். டீ வந்ததும் நண்பரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: அந்த இருபத்தைந்து வயதுப் பெண்ணை நீங்களாக இருந்தால் எந்த வீட்டுக்கு அனுப்பியிருப்பீர்கள்?