சாயங்கால வகுப்பு எடுக்கும் அக்காக்களுக்கு

கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தபோது பிள்ளைகள் மறந்துபோன எழுத்தையும் கணக்கையும் மீட்க, 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. சாயங்காலம் 5 மணியிலிருந்து 7 மணிக்குள் வகுப்பு. ஒரு தன்னார்வலரிடம் சுமார் 20 பிள்ளைகள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர், பிளஸ் டூவோ டிகிரியோ முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள். குமணன்சாவடியில் அதுபோல வாசலிலோ மாடியிலோ நாலு பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லித்தர நினைக்கிற அக்காக்களுக்கு, திட்டத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்தப் பட்டியல்.

செய்ய வேண்டியவை

• குறைவாகச் சொல்லுங்கள், சொன்ன நாளில் வந்துவிடுங்கள். வாரத்துக்கு மூன்று நாள் போதும். தினமும் என்று ஆரம்பித்து, வீட்டில் ஒரு விசேஷம் வந்ததும் நிறுத்திவிடுகிறவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

• முதல் வாரம் பாடமே வேண்டாம். பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பாருங்கள். மூன்றாம் வகுப்புப் பையன் பாடத்தைக் கடகடவென்று வாசிப்பான். விரலைக் கவனியுங்கள்: விரல் ஒரு வரியில் நிற்கும், வாய் அடுத்த வரியில் ஓடும். மனப்பாடம்! நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்னடா?" என்றால் விழிப்பான். அவனுக்கு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

• வகுப்பு ஆசிரியரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். 2022 ஜூனில் நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருக்கிறார்கள். "மிஸ், இவ அரும்பா மொட்டா?" என்று கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

• கதவைத் திறந்து வையுங்கள். இன்னொரு பெரியவர் கண்பார்வையில் இருக்கட்டும்.

• சாலைக்கு உங்கள் பக்கம் இருக்கும் பிள்ளைகளை மட்டும் சேருங்கள். இருட்டின பிறகு மவுன்ட்–பூந்தமல்லி சாலையைக் கடந்து வரும்படி எந்தப் பிள்ளையையும் வைக்காதீர்கள். எதிர்ப்பக்கத்துக்கு வேறொரு அக்கா கிடைப்பார்.

• கட்டட வேலைக்கு வந்த வட மாநிலக் குடும்பத்துப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். தமிழ் தானாக வந்துவிடும். "சர்ட்டிபிகேட் இல்லை" என்று பெற்றோர் தயங்கினால் கூடப் போய்ப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம்.

செய்யக்கூடாதவை

• அடிக்காதீர்கள். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க மிஸ்" என்று அம்மாவே சொல்வார். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். பள்ளியில் அடிப்பதையும் மனம் புண்படப் பேசுவதையும் அதே சட்டம் தடுக்கிறது. உங்கள் மாடிக்கு மட்டும் வேறு நியாயம் கிடையாது.

• பிள்ளைகளின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். நோட்டுப் புத்தகம் வாங்கித் தருகிறவர்கள் போட்டோ கேட்டால், நோட்டே வேண்டாம் என்று சொல்லும் தைரியம் வேண்டும்.

• வீட்டுப்பாடத்தை நீங்கள் எழுதித் தராதீர்கள்.

• "அப்பா குடிப்பாரா?" என்று எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். தனியாகவும்தான்.

• கடைசியாக ஒன்று, இதில் மட்டும் தயங்கவே கூடாது. ஒரு பிள்ளை, யாரோ தப்பாகத் தொட்டதாகச் சொன்னால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். துருவித் துருவி விசாரிக்காதீர்கள். தெருப் பெரியவர்களைக் கூட்டிப் பஞ்சாயத்து பேசாதீர்கள்; தப்பு செய்தவர் அந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். சொன்னதைச் சொன்னபடி எழுதி வைத்துக்கொண்டு போலீசுக்கோ 1098க்கோ தெரிவியுங்கள். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது. வகுப்பு தொடங்குவதற்கு முன்பே அதை உங்கள் போனில் பதிந்து வையுங்கள்.