பழைய பைக்குக்கு எந்த பிளக்?

பழைய பைக் காலையில் கிளம்ப அடம்பிடித்தால் முதலில் கழற்றப்படுவது பிளக்தான். விலை குறைவு, ஒரு ஸ்பேனர் போதும், ஐந்து நிமிட வேலை. அதனாலேயே வண்டியின் எல்லா நோய்க்கும் அதையே மருந்தாக்கிவிட்டோம். புகைந்தால் ஹாட் பிளக், சூடேறினால் கோல்டு பிளக், இழுவை குறைந்தால் இரிடியம். இந்தப் பழக்கம் இன்ஜினைக் கெடுக்கிறது என்பதே என் வாதம். வண்டியை வடிவமைத்தவர்கள் அந்த சிலிண்டரின் சூட்டைக் கணக்கிட்டு ஒரு பிளக்கைக் குறித்திருக்கிறார்கள். அதை மாட்டி, அது ஒழுங்காக எரியவில்லை என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. அதைத் தேடாமல் பிளக்கை மாற்றினால் கோளாறு மறையுமே தவிர, தீராது.

ஆகவே முதல் வேலை சரியான எண்ணைக் கண்டுபிடிப்பது. இப்போது மாட்டியிருப்பதைக் கழற்றிக் கடையில் காட்டி அதே மாதிரி கேட்பதுதான் வழக்கம். ஆனால் முப்பது வருட வண்டி நாலைந்து கை மாறியிருக்கும். கடைசியாகத் தொட்டவர் அன்று கடையில் இருந்ததை மாட்டியிருக்கலாம். வண்டியோடு வந்த கையேடு, இல்லையென்றால் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல், அதுவும் கிடைக்காவிட்டால் பிளக் கம்பெனியின் பொருத்தப் பட்டியல் என்ற வரிசையில் தேடுங்கள். கிடைத்த எண்ணைப் படிக்கவும் தெரிய வேண்டும். என்ஜிகே கம்பெனியின் பிபி7எச்எஸ் என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் பி என்றால் மரையின் விட்டம் 14 மி.மீ., ஸ்பேனர் பிடிக்கும் அறுகோணம் 20.8 மி.மீ. அடுத்த பி, பீங்கான் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வகை. 7 என்பது வெப்ப எண். எச் என்றால் மரையின் நீளம் 12.7 மி.மீ.; அந்த இடத்தில் ஈ இருந்தால் 19 மி.மீ. கடைசி எஸ், செம்பு உட்கருவுள்ள சாதாரண மின்முனை. வெப்ப எண்ணுக்கு முன்னால் ஆர் வந்தால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது.

இவற்றில் சமரசமே கூடாதது மரையின் நீளம். விட்டம் தவறாக இருந்தால் பிளக் ஏறவே ஏறாது, தவறு உடனே தெரிந்துவிடும். நீளம் தவறாக இருந்தாலோ அழகாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். நீளம் கூடினால் பிஸ்டனோ வால்வோ வந்து இடிக்கலாம். இடிக்காவிட்டாலும் எரியறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மரை பழுத்துச் சிவந்து, ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவையைப் பற்றவைக்கும். அந்த மரையில் கரி படிந்துவிட்டால் கழற்றும்போது சிலிண்டர் தலையின் அலுமினிய மரையையும் உரித்துக்கொண்டு வரும். நீளம் குறைந்தால் ஸ்பார்க் குழிக்குள் ஒளிந்துகொள்ளும், காலியாக இருக்கும் மரையில் கரி அடைக்கும். புது பிளக்கை வாங்கியதும் வாஷர் உட்காரும் இடத்திலிருந்து மரையின் நுனி வரை ஒரு ஸ்கேலால் அளந்து பாருங்கள்.

அடுத்தது வெப்ப எண். அதிகக் குழப்பம் இங்கேதான். பிளக்கின் நுனியைப் பாருங்கள்: மைய மின்முனையைச் சுற்றி வெள்ளைப் பீங்கான் மூக்கு ஒன்று உள்ளே இறங்கிப் போகிறது. மூக்கு நீளமாக இருந்தால் சூடு அதன் வழியே தலைக்குப் போய்ச் சேர நேரமாகும். நுனி சூடாகவே இருக்கும். அது ஹாட் பிளக். குட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். அது கோல்டு பிளக். நுனி ஏறக்குறைய 500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் படியும் கரி தானாக எரிந்து போகும். 850 டிகிரியை ஒட்டிப் போனால் நுனியே கலவையைப் பற்றவைக்கத் தொடங்கும். மெதுவாக ஊர்ந்தாலும் விரட்டி ஓட்டினாலும் நுனி இந்த இரண்டு எல்லைக்குள் நிற்க வேண்டும். மரையின் விட்டம் ஒன்றாக இருக்கிறதே என்று ஒரு வண்டியின் பிளக்கை இன்னொன்றுக்கு மாட்டக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். பழைய புல்லட் 350, ஆர்எக்ஸ் 100 இரண்டிலும் மரை 14 மி.மீ. தான். புல்லட் நாலு ஸ்ட்ரோக். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது 1500 முறைதான் எரிப்பு நடக்கும். ஆர்எக்ஸ் 100 இரண்டு ஸ்ட்ரோக். 7000 சுற்றில் 7000 முறை எரிப்பு. அங்கே பிளக்குக்கு மூச்சு விடவே நேரமில்லை, அதனால் சூட்டை வேகமாக இறக்கும் பிளக் தேவைப்படுகிறது.

எண்ணைப் படிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. என்ஜிகே எண்ணில் இலக்கம் ஏற ஏற பிளக் கோல்டு. பாஷ் எண்ணில் இலக்கம் ஏற ஏற ஹாட். என்ஜிகே 6-க்கு ஈடு பாஷ் 7, என்ஜிகே 7-க்கு ஈடு பாஷ் 5. பழைய கையேடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1951-ல் தொடங்கி 2008-ல் பாஷ் என்று பெயர் மாறிய மைக்கோ கம்பெனியின் பிளக்குகளைத்தான் அவை பெரும்பாலும் சொல்லும். அவற்றில் டபிள்யூ175, டபிள்யூ225 என்ற பழைய பாஷ் எண்கள் இருக்கும். இந்த மூன்றிலக்க முறையில் எண் பெரிதானால் கோல்டு. 175 இன்றைய 7, 225 இன்றைய 5. ஆக ஒரே கம்பெனியின் பழைய முறையும் புதிய முறையும் எதிரெதிர். ஒப்பீட்டுப் பட்டியலைப் பார்க்காமல் வாயால் சொல்லி பிளக் வாங்காதீர்கள்.

குறித்த எண்ணையே மாட்ட வேண்டும் என்பதற்கு மெக்கானிக்குகள் சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு: ‘பழைய இன்ஜின் ஆயில் அடிக்கும், பிளக் நனைந்து அணைந்துவிடும், ஒரு படி ஹாட்டாகப் போட்டால் ஆயிலை எரித்துவிடும்.’ சொல்வதில் பாதி உண்மை. சூடான நுனியில் ஆயில் கரி குறைவாகத்தான் படியும். ஆனால் ரிங் தேய்ந்தோ வால்வு கைடு தளர்ந்தோ ஆயில் ஏறுவது நிற்காது. அறிகுறி மட்டும் கண்ணில் படாமல் போகும். அதே வண்டியை நால்வழிச் சாலையில் வெயிலில் முக்கால் மணி நேரம் முறுக்கினால் அந்த ஹாட் பிளக் எல்லையைத் தாண்டும். அப்படித்தான் இரண்டு ஸ்ட்ரோக் பிஸ்டனின் நடுவில் ஓட்டை விழுகிறது. கார்புரேட்டர், டைமிங், கம்ப்ரஷன் மூன்றும் சரி என்று உறுதியான பின்னும், நகரத்துக்குள் மட்டுமே மெதுவாக ஓடும் வண்டியில் கரி படிந்துகொண்டே இருந்தால் ஒரே ஒரு படி ஹாட்டாகப் போகலாம். நீண்ட பயணத்துக்கு முன் பழைய எண்ணுக்குத் திரும்பிவிட வேண்டும்.

இரண்டாவது மறுப்பு பெட்ரோல் பற்றியது, இது கூடுதல் வலுவானது. கையேடு எழுதிய காலத்து பெட்ரோல் இன்று இல்லை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கார்புரேட்டரின் ஜெட்டுக்கு இது தெரியாது. பழைய அளவிலேயே ஊற்றும். கலவையில் காற்று மிஞ்சுகிறது, பிளக்கின் மூக்கு வெளுக்கிறது. வெளுத்ததைப் பார்த்துக் கோல்டு பிளக் மாட்டினால் மூக்கின் நிறம் மாறலாம். இன்ஜின் காற்றுமிஞ்சிய கலவையில்தான் ஓடிக்கொண்டிருக்கும். சரியான மருந்து ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்குவது, அல்லது ஊசியை ஒரு பள்ளம் உயர்த்துவது.

இரிடியத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதன் மைய மின்முனை மெல்லியது, சில வகைகளில் 0.6 மி.மீ. தான். அதனால் குறைந்த வோல்டேஜிலேயே ஸ்பார்க் தாவும், தேய்மானமும் குறைவு. காயில் பலவீனமான வண்டியில் ஸ்டார்ட்டிங் கொஞ்சம் எளிதாகலாம். குதிரைசக்தி அதிகரிக்காது. ஆயில் அடிக்கும் இன்ஜினில் விலையுயர்ந்த இரிடியமும் சாதாரண பிளக்கைப் போலவே நனையும். நல்ல நிலையில் உள்ள வண்டிக்கு வெப்ப எண் மாறாமல் வாங்கினால் தவறில்லை. மற்றவர்கள் அந்தப் பணத்தை கார்புரேட்டர் சுத்தம் செய்ய வைத்துக்கொள்ளட்டும்.

மாட்டும் முன் இடைவெளியைப் பாருங்கள். பாயிண்ட் வைத்த பழைய இக்னிஷனுக்கு வழக்கமாக 0.5 முதல் 0.6 மி.மீ. வரை, கையேடு வேறு சொன்னால் அதுவே சரி. புதிய வண்டிகளுக்கான பிளக்குகள் இதைவிட அகன்ற இடைவெளியோடு வரலாம், அப்படியே மாட்டினால் பாயிண்ட் இக்னிஷன் திணறும். ஃபீலர் கேஜைச் செருகி, பக்க மின்முனையை மட்டும் வளையுங்கள். மைய மின்முனையை நெம்பினால் பீங்கான் விரியும். பிளக்கை மூடும் கேப்பிலேயே ரெசிஸ்டர் இருந்தால் ஆர் பிளக்கும் சேர்த்துப் போட வேண்டாம். மாட்டும்போது இன்ஜின் ஆறியிருக்கட்டும். குழியைச் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிட்டு, பிளக்கை விரலாலேயே வாஷர் தொடும் வரை திருகுங்கள். விரலால் போகவில்லை என்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, கழற்றி மறுபடி ஏற்றுங்கள். பிறகு ஸ்பேனரால், புது பிளக்குக்கு அரைச் சுற்று முதல் முக்காலுக்குச் சற்றுக் குறைவாக. ஏற்கெனவே மாட்டியதற்கு வாஷர் நசுங்கியிருப்பதால் பன்னிரண்டில் ஒரு பங்குச் சுற்றே போதும்.

பின் சோதனை. ஐட்லிங்கில் நின்ற வண்டியின் பிளக் கறுப்பாகத்தான் இருக்கும், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நடமாட்டம் குறைந்த சாலையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சீராக ஓட்டி, கிளட்சைப் பிடித்த கையோடு இன்ஜினை அணைத்து, ஓரமாக நிறுத்தி, சூடு ஆறியதும் கழற்றிப் பாருங்கள். மூக்கு இளம் பழுப்பாக இருந்தால் சரி. உலர்ந்த மைக் கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. பளபளக்கும் ஈரக் கறுப்பு என்றால் ஆயில். கொப்புளத்தோடு வெளுப்பு என்றால் அதிகச் சூடு. ஒவ்வொன்றும் எங்கே கை வைக்க வேண்டும் என்று சொல்கிறது. அந்த வேலையைச் செய்து முடித்தபின் பிளக் எண்ணையும் இடைவெளியையும் டூல் பாக்ஸ் மூடியின் உட்புறத்தில் எழுதி வையுங்கள்; அடுத்து வண்டியைத் தொடும் மெக்கானிக் ஊகித்து மாட்ட வேண்டியிருக்காது.