கைக்குழந்தையும் நர்சிங் படிப்பும்: சமாளிக்கச் சில வழிகள்

பிள்ளை பெற்ற பிறகு நர்சிங் சேர நினைக்கும் பெண்கள் எடுத்தவுடன் கேட்பது, "படிக்க நேரம் கிடைக்குமா?" என்றுதான். நேரம் எப்படியும் கிடைத்துவிடும். பிரச்சினை வருகைப்பதிவில் இருக்கிறது. மதிப்பெண் குறைந்தால் மறுபடி எழுதலாம், பாடம் விட்டுப்போனால் தோழியின் நோட்டு இருக்கிறது. வார்டில் நிற்க வேண்டிய நாளை மட்டும் வேறு யாரும் நின்று தர முடியாது. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி, பி.எஸ்சி. நர்சிங்கில் ஒவ்வொரு பாடத்திலும் 80 விழுக்காடு வருகை இருந்தால்தான் தேர்வு எழுத விடுவார்கள். லீவுக்குக் காரணம் என்னவாக இருந்தாலும் கணக்கு அதுதான். மருத்துவமனைப் பயிற்சியோ, பட்டம் வாங்குவதற்குள் 100 விழுக்காடும் முடிந்திருக்க வேண்டும். வீட்டில் செய்கிற ஏற்பாடு எல்லாம் இந்த வருகையைக் காப்பாற்றுவதற்காகவே இருக்கட்டும்.

சேரும் முன்

ஏ.என்.எம். 2 ஆண்டு, ஜி.என்.எம். 3 ஆண்டு, பி.எஸ்சி. 4 ஆண்டு. ஜி.என்.எம். முடித்தவர்களுக்குப் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. 2 ஆண்டு. எதில் சேர்வதானாலும் கட்டணத்தை விசாரிப்பதோடு நின்றுவிடாதீர்கள். ஹாஸ்டலில் தங்கியே ஆக வேண்டுமா, நைட் டியூட்டி எந்த ஆண்டில் தொடங்கும், பயிற்சிக்கு எந்தெந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள். மனநலப் பயிற்சிக்குப் பல கல்லூரிகள் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் போன்ற வெளியூர் இடங்களுக்கு மாணவிகளை அனுப்பிச் சில வாரங்கள் அங்கேயே தங்க வைக்கும். கிராமப்புறச் சுகாதாரப் பயிற்சியும் அப்படித்தான். அந்த வாரங்களில் பிள்ளை யாரிடம் இருக்கும் என்பதற்குச் சேரும்போதே பதில் வேண்டும்.

அடுத்த குழந்தை யோசனை இருந்தால், முடிந்தவரை படிப்பு முடியும் வரை தள்ளிப்போடுங்கள். மாமியார்கள் கோபித்துக்கொள்ளலாம். அந்த 100 விழுக்காட்டுக் கணக்குதான் நான் இப்படிச் சொல்லக் காரணம்.

ஆள் ஏற்பாடு

"அம்மா பார்த்துக்கொள்வாங்க" என்பது ஏற்பாடு ஆகாது. அம்மாவுக்கும் காய்ச்சல் வரும், ஊரில் கல்யாணம் வரும். தினமும் பார்ப்பவர் ஒருவர், அவருக்கு முடியாத நாளில் வருபவர் ஒருவர், அவசரத்துக்குக் கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் வந்து நிற்கும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் என்று மூன்று பேராவது இருக்க வேண்டும். பிள்ளைக்கு 2 வயது முடிந்திருந்தால் அங்கன்வாடியில் சேர்த்துவிடுங்கள். அங்கே மதியச் சாப்பாடும் உண்டு. ஆனால் மையம் மூடிய பிறகு நீங்கள் வரும் வரையிலான அந்த இடைவெளிக்கும் ஆள் தேவை.

கணவர் "உதவி செய்கிறார்" என்ற பேச்சே வேண்டாம், வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள் புதன்கிழமை. உங்களுக்கு அன்று போஸ்டிங் என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஊசி போட்டு, அட்டையில் எழுதி வாங்கி, இரவில் காய்ச்சல் வருகிறதா என்று தொட்டுப் பார்ப்பது வரை அவர் பொறுப்பு.

வகுப்பு தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒத்திகை பாருங்கள். டியூட்டிக்குக் கிளம்புவதுபோல விடிகாலையிலேயே வீட்டை விட்டு வெளியே போய்விடுங்கள். பிள்ளை பால் குடிக்க மறுக்கிறதா, யார் எழுப்பினால் அழாமல் எழுந்திருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டுங்கள். குழந்தை மருத்துவரின் எண், 108, மருத்துவர் எழுதிக்கொடுத்த காய்ச்சல் மருந்தின் அளவு, கடைசியாகக் கொடுத்த நேரத்தைக் குறிக்க ஓர் இடம். கீழே பெரிய எழுத்தில்: பால் குடிக்கவில்லை, எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு வேகமாக வாங்குகிறது, வலிப்பு வந்தது. இவற்றில் எது இருந்தாலும் எனக்குப் போன் போட்டுக்கொண்டிருக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போகவும். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே போக வேண்டும். வார்டில் உங்கள் போன் பையில்தான் கிடக்கும் என்பதை வீட்டில் எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும்.

தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு

டியூட்டியில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலைப் பீய்ச்சி எடுக்காவிட்டால் மார்பு கட்டிக்கொள்ளும், பால் சுரப்பும் குறையும். வார்டு சிஸ்டரிடம் முதல் நாளே சொல்லி, கதவு சாத்தக்கூடிய ஓர் இடம் கேட்டு வையுங்கள். எடுத்த பால் 25 டிகிரிக்குள் இருக்கும் அறையில் 4 மணி நேரம் தாங்கும். நம் ஊர் வெயிலில் அதை நம்பாமல் உடனே ஃப்ரிட்ஜில் வைப்பதே நல்லது, அங்கே 4 நாள் வரை இருக்கும். டப்பா மேல் தேதியும் நேரமும் எழுதுங்கள். கொடுக்கும்போது அடுப்பில் வைக்காமல் வெந்நீர்க் கிண்ணத்தில் டப்பாவை நிறுத்திச் சூடாக்கி, பாலாடையில் புகட்டச் சொல்லுங்கள். பாட்டிகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாட்டில் பழக்கம் மட்டும் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ரெக்கார்டு

நர்சிங் மாணவியின் தூக்கத்தைத் தின்பது பரீட்சையைவிட ரெக்கார்டுதான். கேர் பிளான், கேஸ் ஸ்டடி, டிரக் ஃபைல் எல்லாம் சேர்ந்துவிட்டால், குழந்தை உள்ள வீட்டில் ஒரே இரவில் உட்கார்ந்து முடிக்க முடியாது. சட்டைப்பையில் அடங்கும் சின்ன நோட்டு ஒன்று வைத்து, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், கொடுத்த மருந்து, செய்த கட்டு என எல்லாவற்றையும் வார்டிலேயே குறித்துவிடுங்கள். நோயாளியின் பெயர் அதில் வேண்டாம். டியூட்டி முடிந்ததும் பஸ் ஏறும் முன் அரை மணி நேரம் நூலகத்தில் உட்கார்ந்து அன்றைய பக்கத்தை எழுதி முடியுங்கள், கையெழுத்தை மறுநாளே வாங்கிவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் அன்று எழுத மாட்டீர்கள். மீறி எழுத உட்கார்ந்தால் பிள்ளை வந்து பேனாவைப் பிடுங்கும். அதற்கென்று பழைய நோட்டு ஒன்றும் கிரேயானும் தயாராக இருக்கட்டும்.

லேபர் ரூம் போஸ்டிங்குக்குத் தனித் திட்டம் வேண்டும். பிரசவம் உங்கள் நேரம் பார்த்து வராது. பார்க்க வேண்டிய கேஸ் எண்ணிக்கையை முடிக்க இரவில் காத்திருக்க நேரும். அந்த வாரங்களில் வேறு எந்த வேலையையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வீட்டு வாசலில்

அம்மாவைக் கண்டதும் பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டும். மனதைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள். ஷூவை வெளியே விட்டு, யூனிஃபார்மை மாற்றித் தனி வாளியில் ஊறவைத்து, கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே தூக்குங்கள். உங்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 3 தவணையும் (0, 1, 6 மாதம்) போட்டாகிவிட்டதா என்று பாருங்கள். போடாமல் வார்டுக்குப் போக வேண்டாம்.

கல்லூரியில் பேசி வையுங்கள்

பிள்ளை இருப்பதை மறைக்காதீர்கள். முதல் வாரமே வகுப்புப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். வருகை 80-க்குக் கீழே இறங்கிய பிறகு போய் நின்றால் அவரால் செய்யக்கூடியது எதுவும் இருக்காது. பி.எஸ்சி.யில் எட்டாவது பருவம் இன்டர்ன்ஷிப். அதற்கு முன்பே பழைய பாக்கிகளை முடித்தாக வேண்டும். ஆகவே போஸ்டிங் நாள் விடுபட்டால், அதை எந்த வார்டில், எந்த விடுமுறையில் ஈடுகட்டலாம் என்று அந்த மாதமே கேட்டு, எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.